தெற்குப் பக்கத்து ஸ்பிரிங்

ஸ்பிரிங் அறுந்த சத்தம் கேட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து, ஈரத் தலையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். அடுப்பில் சாளை மீன் குழம்பு அதுபாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகுதான் சத்தம் கார் ஷெட்டிலிருந்து வந்தது என்று புரிந்தது. அங்கே போனால், என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் ரிமோட். எதிரே மூடிக் கிடக்கிறது கதவு. மேலே மோட்டார் முனகுகிறது, கதவு எழும்பவில்லை.

"என்னத்தப் போட்டு உடைச்சிய?" என்றேன்.

"நான் பட்டன மட்டுந்தான் அமுக்குனேன்" என்றார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் இழுக்கப்போகிற சோலி என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஷெட்டுக் கதவு என்றால் கடைகளில் இருக்கிற மாதிரி சுருண்டு ஏறுகிற ஷட்டர்தான். இது அப்படியில்லை. நாலு இரும்புப் பலகைகளைக் கீல் வைத்து ஒன்றோடொன்று கோத்திருக்கும். இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னச் சக்கரங்கள். பட்டனை அமுக்கினால் பலகைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறி, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கதவுக்கு மேலே குறுக்காக ஒரு இரும்புத் தண்டு, அதில் இந்த ஓரம் ஒன்றும் அந்த ஓரம் ஒன்றுமாக என் கை நீளத்துக்கு இரண்டு ஸ்பிரிங். கதவின் பாரத்தை உண்மையில் சுமப்பது அந்த ஸ்பிரிங்குகள்தான். மோட்டார் சும்மா பேருக்கு. ஒரு ஸ்பிரிங் போனால் பாதிப் பாரம் இறங்கிவிடும், மோட்டார் கையை விரித்துவிடும். இதெல்லாம் இப்போது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அன்றைக்கு ஒரு மண்ணும் தெரியாது.

கதவை அனுப்பியது என் கொழுந்தன், வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. கல்ஃபில் இந்த மாதிரிக் கதவு மாட்டுகிற கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். அங்கே ஏதோ ஒரு பங்களாவில் புதுக் கதவு போட்டபோது, கழற்றிய பழையதை வாங்கி, கம்பளிக்கும் அலமாரிக்கும் நடுவில் வைத்துக் கப்பலில் அனுப்பிவிட்டான். பிறகு லீவில் வந்து, கொட்டாரத்து வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டி, அவனே நின்று மாட்டினான். அப்போது தெருவே வந்து பார்த்தது. எனக்கு அது வேண்டாத பவுசாகத்தான் பட்டது. வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது, மயிலாடியிலிருந்து அம்மியும் ஆட்டுரலும் கல்தூணும் ஏற்றி ஊர் ஊராகப் போவார். ஷெட்டில் அந்த லாரி நுழையாது. நுழையாத லாரிக்கு ரிமோட் கதவு எதற்கு என்று நான் கேட்டபோது அண்ணனும் தம்பியும் ரிமோட்டை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் அவருக்கு வாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. லாரியும் போயிற்று. பிசியோதெரபி அது இது என்று அலைந்து, கால் கொஞ்சம் தேறி, கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தார். கை வரவில்லை. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று வாங்கினோம். பிரேக்கை எல்லாம் வலது பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதில் ஏறி உட்காருவதற்குள் அவருக்கு வேர்த்து வழிந்துவிடும். முதலில் கம்பைச் சொருக வேண்டும், கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், வராத காலை நல்ல கையால் தூக்கி வைக்க வேண்டும். இறங்குவது அதைவிடக் கஷ்டம். ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர் பழைய டிரைவர்தான்.

அப்போதுதான் அந்தக் கதவின் அருமை எனக்குப் புரிந்தது. சாவிக் கொத்தில் ரிமோட். அமுக்கினால் திறக்கும், வெளியே போய் அமுக்கினால் மூடும். யாரையும் கூப்பிட வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். நடுவில் ஒரு இடைஞ்சல் வந்தது. வீட்டுக்குக் கிழக்கே இருந்த ரோட்டை ஒரேயடியாக உயர்த்திப் போட்டார்கள், எங்கள் வாசல் குழிக்குள் போய்விட்டது. ஸ்கூட்டர் ஏறாது. பட்டறைக்காரரையே கூப்பிட்டு, ஷெட்டின் பின்சுவரை இடித்து, கிழக்கே இருந்த கதவை அப்படியே கழற்றி மேற்கே வாய்க்கால் ரோட்டைப் பார்த்து மாட்டினோம். கொழுந்தனுக்கு போனில் சொன்னோம். "நல்லது, செய்யுங்க" என்றான்.

வாய்க்கால் ரோடு வழியாகக் கொட்டாரம் லாரி ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரம்தான். காலையில் நான் அஞ்சுகிராமத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும் அவர் ஒரு நடை போய்விட்டு வருவார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மறுபடியும் போவார். அங்கே அவருடைய பழைய கூட்டாளிகள், லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள். அவர்களோடு ஒரு சாயா, ஊர்ப் பேச்சு, கொஞ்சம் சண்டை. கடல்காற்றில் கதவுச் சக்கரங்கள் துருப்பிடித்து, திறக்கும்போது தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம் வரும். வாய்க்காலில் துணி துவைக்கிற பெண்கள், "அண்ணன் பொறப்பட்டாச்சு" என்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாயங்கால நடை அவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எனக்கும் வேண்டியிருந்தது. நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஆள், உள்ளே ஆள், எல்லோருக்கும் என்னிடம்தான் கேள்வி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து வீட்டைத் திறந்தால், வீட்டில் ஒருத்தரும் இல்லை. அது எனக்குச் சொர்க்கம். ஹால் தரையில் ஃபேனுக்கடியில் பாயில்லாமல் படுத்துக்கொள்வேன். கண் அசந்தாலும் அசரும். கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து சாயாவுக்கு வைப்பேன். புருஷன் வெளியே போனால் நிம்மதி என்று வாய்விட்டு யாரிடம் சொல்வது? சொன்னால் இவளும் ஒரு பொம்பளையா என்பார்கள். சொல்லட்டும். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, சோறு கட்டி, பஸ்ஸைப் பிடிக்கிறவள் நான்தானே.

ஸ்பிரிங் அறுந்ததும் இரண்டும் போயிற்று. அவர் பகல் முழுக்க வீட்டிலேயே இருந்தார். நான் வந்ததும், சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் எடுத்து விட்டார். காக்கா வந்தது, மீன்காரி சூரை கொண்டுவந்தது, டிவியில் யாரோ அழுதது. நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தொடங்கும். பாவம், வேறு யாரிடம் பேசுவார் என்று ஒரு மனசு சொல்லும். சவத்த, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரும் என்று இன்னொரு மனசு சொல்லும். எத்தனையோ நாள் இரண்டாவது மனசுதான் ஜெயித்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு ரிமோட்டை எடுத்துத் துடைப்பார். அதைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருக்கும்.

முதல் வாரம் பட்டறைக்காரரும் நானுமாகச் சேர்ந்து கதவைத் தூக்கி, அடியில் ஒரு இரும்புப் பைப்பை முட்டுக் கொடுத்தோம். திறந்தே கிடக்கட்டும், அவர் போய்விட்டு வரட்டும் என்று. அவருக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டத் தொறந்து போட்டுட்டா சாயா குடிக்கப் போவாங்க?" என்று இரண்டு நாள் பிகு செய்துவிட்டு மூன்றாம் நாள் கிளம்பினார். ஸ்கூட்டர் பைப்பை உரசியதோ, பைப்பே வழுக்கியதோ, கதவு மடேரென்று விழுந்தது. முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண்தான். அன்றைக்கு நான் லீவு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இனி ஸ்பிரிங் வாறது வரைக்கும் இந்த வழியா ஒருத்தரும் போவ வேண்டாம்" என்று கத்தினேன். அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்குக் கையை நீட்டினார்.

நாகர்கோவிலில் ஷட்டர் சாமான் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். போனில் எடுத்த படத்தைக் காட்டினால், கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். "இது ஷட்டர் இல்லையேக்கா. எங்கிட்ட உள்ளது பட்டை ஸ்பிரிங். இது கம்பிச் சுருளுல்லா." ஒரு கடையில் லாரி ஸ்பிரிங்கை எடுத்து வைத்து, வெட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். வீட்டுக்காரர் டிரைவராக இருந்தது நல்லதாய்ப் போயிற்று, போனில் கேட்டுவிட்டு, "அவன அவன் தலையில வெட்டிப் போடச் சொல்லு" என்றார். கதவை அறுத்து எறிந்துவிட்டு கேட் போடச் சொன்னவர்கள் உண்டு. கேட்டைத் தள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் நான் ஏன் கடை கடையாக ஏறுகிறேன்? மோட்டார் வைத்த ஷட்டர் போடலாம் என்றால், சுருள் உட்காருவதற்குக் கதவுக்கு மேலே இடமில்லை, உத்திரத்தை இடிக்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். எல்லா வழியும் அடைத்துக் கடைசியில் கொழுந்தனிடம்தான் வந்து நின்றது.

"மைனி, நீங்க ஒண்ணுக்கும் விசாரப்படாதீங்க" என்றான் கொழுந்தன். "எங்க கம்பெனி ஸ்டோர்ல எல்லா சைஸும் உண்டு. அளவு மட்டும் சொல்லுங்க."

அளவு எடுப்பது லேசான காரியம் இல்லை. கம்பியின் கனம், சுருளின் உள் அகலம், மொத்த நீளம், மூன்றும் சரியாக வேண்டும். கொஞ்சம் மாறினாலும் கதவு ஒன்று மேலேயே நிற்கும், இல்லை தலையில் இறங்கும். கம்பியின் கனத்தை ஒரு சுற்றில் அளக்கக் கூடாது, பத்துச் சுற்றைச் சேர்த்து அளந்து பத்தால் வகுக்க வேண்டும். நான் பள்ளியிலிருந்து ஸ்டீல் ஸ்கேல் கொண்டுவந்து, ஏணியில் ஏறி, துருவும் பல்லி எச்சமும் கண்ணில் விழ விழ அளந்தேன். வீட்டுக்காரர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார், நான் கொழுந்தனுக்கு அனுப்பினேன். திருப்பி அளக்கச் சொன்னான். அளந்தேன். படம் கேட்டான். எடுத்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். "அறுந்தது எந்தப் பக்கத்து ஸ்பிரிங் மைனி? ரெண்டு பக்கத்துக்கும் சுத்து வேற வேற. ஒண்ணு வலஞ்சுத்து, ஒண்ணு எடஞ்சுத்து. கொண்டு வாற ஆளுக்குப் பெட்டி வெயிட்டுல ஒண்ணுதான் கொண்டு வர முடியும்."

"தெக்குப் பக்கத்து ஸ்பிரிங்" என்றேன்.

"செரி, தெக்கு" என்றான்.

இதில் என்ன தப்பு இருக்கிறது? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் இடம் வலம் பார்க்கிற ஆட்கள் இல்லை. பீரோவைக் கொஞ்சம் வடக்கே தள்ளு என்போம், கிழக்கே இருக்கிற தட்டை எடு என்போம். என் மருமகன் சென்னைக்காரர். கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு வந்தபோது, "மேக்க இருக்க தண்ணிய எடுத்துக் குடிங்க" என்று நான் சொல்ல, அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அதைச் சொல்லிச் சொல்லி மகள் இன்னும் சிரிப்பாள். கொழுந்தன் எங்கள் ஊரில் பிறந்தவன். அவனிடம் தெற்கு என்றால் தெற்கு, அதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

ஸ்பிரிங் வந்து சேர்வதற்குள் ஓணம் போய் தீபாவளியும் போயிற்று. ஊருக்கு வருகிற ஆள் கிடைக்க வேண்டும், அவர் பெட்டியில் இடம் இருக்க வேண்டும். கடைசியில் குளச்சல்காரர் ஒருத்தர் கொண்டுவந்தார், கொழுந்தனோடு தங்கியிருப்பவர். குளியல் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். "எக்கா, இதுக்குப் பதிலா ஒரு ஆட்டக் கொண்டு போவச் சொல்லியிருந்தா நடத்திக் கூட்டிட்டு வந்திருப்பேன். ஏர்ப்போர்ட்ல பெட்டிய மூணு தடவ தொறந்தானுவ" என்றார். அவருக்குச் சோறு போட்டு, மீன் பொரித்துக் கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்காரர் அந்த ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். நாளைக்குச் சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்று நாலைந்து பேருக்குப் போன் போட்டார். அவர்கள் கேட்காததையெல்லாம் சொன்னார்.

மறுநாள் காலையில் பட்டறைக்காரர் வந்தார். சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. அவருக்கும் இது புதுச் சோலிதான், அதை அவரே சொல்லிவிட்டார். "எக்கா, கதவ மாட்டுனப்ப உங்க கொழுந்தன் சுத்துனாரு, நான் புடிச்சேன். இங்க மாத்துனப்ப நானே சுத்துனேன், உள்ளத சொல்லணும்லா, நல்ல பயந்துதான் சுத்துனேன். கம்பி கைய விட்டுச்சுன்னா கை போச்சு." நல்ல ஸ்பிரிங்கை முதலில் தளர்த்தினார். தண்டைக் கழற்றினார். புதியதைச் சொருகினார், போல்ட்டை முறுக்கினார். இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிக் குத்தி, ஸ்பிரிங்கைச் சுற்றத் தொடங்கினார். வீட்டுக்காரர் குளித்து, சட்டை மாட்டி, ஸ்கூட்டர் மேல் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஹெல்மெட்டும் போட்டாயிற்று. சாயங்காலம் வரை பொறுக்கவில்லை.

சுற்றச் சுற்ற ஸ்பிரிங் இறுகவில்லை. சுருள் விரிந்து தொளதொளவென்று ஆனது. பட்டறைக்காரர் நிறுத்தினார். ஏணியிலிருந்து இறங்கி, அறுந்த பழைய துண்டைக் கொண்டுபோய்ப் புதியதோடு சேர்த்துப் பிடித்தார். அளவு எல்லாம் ஒன்றுபோல இருந்தது. கம்பியின் சாய்வு மட்டும் ஒன்று இப்படிப் போனது, ஒன்று அப்படிப் போனது.

"எதிர்ச் சுத்துக்கா" என்றார். அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அங்கேயே நின்று கொழுந்தனுக்குப் போட்டேன். அவன் வேலையில் இருந்திருப்பான், பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"ஏலே, தெக்குன்னு தெளிவாச் சொன்னேன்லா? என்ன எளவ வாங்கி அனுப்பியிருக்க?"

"மைனி, தெக்குக்குத்தான் வாங்குனேன். தெக்குன்னா வலது. உள்ள நின்னு வெளிய பாத்தா வலது கைப் பக்கம். நானே மாட்டுன கதவு, எனக்குத் தெரியாதா?"

"வலதுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. அறுந்தது தெக்கு. நான் இப்ப தெக்கத்தான் நிக்கேன்."

"தெக்குன்னா வலதுதான் மைனி!"

இரண்டு பேரும் கத்தினோம். இரண்டு பேரும் தெற்கைத்தான் சொன்னோம். நான் கத்திக்கொண்டே திரும்பினால், கதவோரத்தில் இருக்கிற சின்ன இடைவெளி வழியாக வாய்க்கால் தெரிகிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அவன் மாட்டிய கதவு கிழக்கே பார்த்தது. கிழக்கே பார்த்து நின்றால் தெற்கு வலது. இப்போது கதவு மேற்கே பார்க்கிறது. மேற்கே பார்த்து நின்றால் தெற்கு இடது. கதவை மாற்றிய விஷயத்தை அவனுக்குச் சொல்லியிருக்கிறோம், அவனும் நல்லது என்றிருக்கிறான். ஆனால் முதலில் மாட்டிவிட்டுப் போனவன் அதற்கப்புறம் ஊருக்கு வரவில்லை. அண்ணனுக்கு வாதம் வந்தபோதும் லீவு கிடைக்கவில்லை. அவன் மனசில் எங்கள் வீடு இன்னும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கிறது.

"மக்கா, கதவு இப்ப மேக்கப் பாத்துல்லா இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் நின்றது. பிறகு, "ஆமாலா" என்றான். "அப்ப எந்தப் பக்கம் மைனி? எனக்கு இப்ப ஒண்ணுமே பிடி கிடைக்கல. செரியாச் சொல்லுங்க. இனியும் தப்பா வாங்குனா நான் மனுசனே இல்ல" என்றான்.

இடது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே நின்று இடதா, வெளியே நின்று இடதா என்று மறுபடி கேட்பான். அதற்கு நான் ஒன்று சொல்ல, அவன் ஒன்று நினைக்க, இன்னொரு தீபாவளி வந்துவிடும். எனக்கு அலுத்துவிட்டது. நிஜமாகவே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. வீட்டுக்காரர் அப்போதும் ஸ்கூட்டர் மேல்தான் இருந்தார், கதவைப் பார்த்துக்கொண்டு, வெளியே புறப்படப்போகிறவர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே.

"உங்கண்ணன் வண்டியில ஏறிக் கதவப் பாத்து உக்காந்திருக்காரு" என்றேன். "அவருக்கு எந்தக் கை வராதோ, அந்தக் கைப் பக்கத்து ஸ்பிரிங்."

விளங்கிற்றா என்று கேட்டேன். போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வெளங்கிட்டு மைனி" என்றான்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார்: "எனக்கும் கதவுக்கும் ஒரே பக்கந்தான் போயிருக்கு, பாத்தியா." பட்டறைக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. அவரை இறக்கி உள்ளே கூட்டிப்போனேன். ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்று முந்தின நாள் போன் போட்ட எல்லோருக்கும் அவர் திரும்பப் போட்டார். இந்தத் தடவை சுருக்கமாகப் பேசினார்.

தப்பான ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்தோம். வடக்குப் பக்கத்தது எப்போதாவது போனால் ஆகும். அடுத்த ஆள் கிடைக்க மறுபடியும் காத்திருந்தோம். அந்த நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம். அவர் பேசுவதையே குறைத்துவிட்டார். நான் வரும்போது டிவி ஓடும், அவர் அதைப் பார்க்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாரா என்று ஏங்கியவள், இப்போது நானே போய்க் காக்கா வந்ததா, மீன்காரி வந்தாளா என்று கேட்டேன். வந்தது என்பார். அதோடு சரி. ஸ்கூட்டரில் தூசி படிந்திருந்தது. துடைத்துவிடட்டுமா என்றேன். "எதுக்கு?" என்றார். ஒரு மனுஷன் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துபோவதைப் பார்ப்பதற்கு அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது ஸ்பிரிங் மார்கழியில் வந்தது. கூடவே ஒரு பொட்டலம். பிரித்தால், கதவோரத்துச் சக்கரங்கள், முழு செட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக். நாங்கள் கேட்கவில்லை, கொழுந்தன் தானாக அனுப்பியது. பட்டறைக்காரர் இந்தத் தடவை தண்டில் சொருகுவதற்கு முன்னாலேயே பழைய துண்டை வைத்து ஒத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார், வீட்டுக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். சாய்வு ஒன்றுபோல இருந்தது. சுற்றினார். ஒவ்வொரு திருப்புக்கும் ஸ்பிரிங் முறுகுகிற சத்தம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு துருப்பிடித்த சக்கரங்களையெல்லாம் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டார். கதவை ஒற்றைக் கையால் பிடித்து இடுப்பளவுக்குத் தூக்கி விட்டார். விட்ட இடத்தில் நின்றது.

"அமுக்குங்கண்ணே" என்றார்.

வீட்டுக்காரர் ஹெல்மெட் போடவில்லை, சட்டையும் மாற்றவில்லை. தடவைக்குத் தடவை ஏமாந்த ஆள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அமுக்கினார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிக் கூரைக்கடியில் படுத்தது. மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "போதும், மோட்டார் புகஞ்சிரப் போவுது" என்று நான் சொல்லும் வரைக்கும் விடவில்லை. பிறகு, "ஏட்டி, சட்டைய எடு" என்றார்.

அன்றைக்குப் போய்விட்டு வந்தவர் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசினார். ஸ்டாண்டில் யார் என்ன சொன்னார்கள், எந்த லாரி விலைக்குப் போயிற்று, யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுக்கொண்டே தூங்கி வழிந்தேன், அது வேறு.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. பையைப் போட்டேன், முகம்கூடக் கழுவவில்லை, ஹால் தரையில் ஃபேனுக்கடியில் படுத்தேன். தரை குளிர்ந்து கிடந்தது. கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து சாயா வைக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. தலைக்கு ஒரு தலையணை இருந்தது. நான் வைத்தது இல்லை. அவர் நாற்காலியில், கம்பை முழங்காலில் சாத்தி உட்கார்ந்திருந்தார். டிவி போடவில்லை.

பதறி எழுந்தேன். "எப்ப வந்திய? சத்தமே கேக்கலியே."

"புது வீலுல்லா. கேக்காது."

"வந்து ரொம்ப நேரமாச்சா? எழுப்பியிருக்கலாம்லா? சாயா வேண்டாமா?"

"குடிச்சாச்சு. இது ரெண்டாவது வரத்து" என்றார். "மொதல்ல வந்தப்ப நீ ஒறங்கிட்டுக் கெடந்த. அதான் திரும்பப் போனேன்."

நான் அவரையே பார்த்தேன். வண்டியிலிருந்து இறங்கி, கம்பை ஊன்றி ஹால் வரைக்கும் வந்திருக்கிறார். தலையணையை எடுத்து, ஒற்றைக் கையால் என் தலைக்கடியில் வைத்திருக்கிறார். பிறகு திரும்பப் போய், வராத காலைத் தூக்கி வைத்து, மறுபடியும் வண்டியில் ஏறியிருக்கிறார். எல்லாம் சத்தமில்லாமல்.

"எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

"நீ டெய்லி இந்நேரம் ஒறங்கிட்டுக் கெடந்தவதானே. அந்தத் தகரச் சத்தத்துக்குல்லா முழிப்ப" என்றார். ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கும் ஒறங்கு, கேட்டியா. எனக்குத்தான் போவ எடம் இருக்கே."